கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய கேஸ்கெட்

போன மாதம் நான் கடைசியாக வேலை பார்த்த சர்வீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். யாரோ ஒருவர் தன் தாத்தா ஓட்டிய காரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இவர்கள் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ரோட்டில் நன்றாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது.

"ஸ்கேனர் போட்டுப் பாக்கலாம்னா அதுல மாட்டறதுக்கு இடமே இல்ல சார்," என்றான் ஒருவன்.

"கேஸ்கெட் எதுல வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

எடுத்த எடுப்பில் ஏன் அதைக் கேட்கிறீர்கள் என்றார்கள். காரணத்தைச் சொன்னேன். அதை எழுதிக் கொடுங்கள், ஷெட்டில் ஒட்டிவைக்கிறோம் என்றார்கள். ஒட்டிவைக்க நீளம் அதிகம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். கார்புரேட்டர் போய்விட்டதே என்று அழுவதற்காக எழுதவில்லை. அது போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. பெட்ரோலில் கை ஊறி, விரல் நுனி வெடித்து, அதே கையால் ரசம் சாதம் பிசைந்து சாப்பிட்டவன் எவனும் வருத்தப்பட மாட்டான்.

எங்கள் அப்பா திரிசூலத்தில் கல் உடைத்தவர். எங்கள் வீட்டில் சட்டைப் பையில் பேனா வைத்த முதல் ஆள் நான். ஐ.டி.ஐ. முடித்து, எண்பதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கார்புரேட்டரின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்ன கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். நிஜக் கார்புரேட்டரை ஒர்க்‌ஷாப்பில்தான் முதலில் தொட்டேன்.

ஷெட்டில் ஒன்பது பேர். அடுத்தவர் படிக்கிற மாதிரி எழுதுகிறவன் நான் ஒருவன்தான். அதனால் ஜாப் கார்டு, லீவு லெட்டர், கரண்ட் ஆபீசுக்கு மனு எல்லாம் என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் பெருமைதான். ஒரு வருடம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இது நடந்தபோது பதினோரு மாதம் முடிந்திருந்தது.

எங்கள் ஃபோர்மேன் சாமுவேல் சார். ஷெட்டில் வெள்ளைச் சட்டை போட்டு வந்து வெள்ளைச் சட்டையாகவே திரும்பிப் போகிறவர். எதையும் கையால் காட்ட மாட்டார். காதில் ஒரு பென்சில் இருக்கும், அதை எடுத்து அதன் முனையால் காட்டுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "எனக்கென்னமோ இதுவா இருக்கும்னு தோணுது சார்" என்று யாராவது ஆரம்பித்தால், "தோணறத வீட்ல வச்சிட்டு வா" என்பார். அவ்வளவுதான் திட்டு.

அவருக்கு இரண்டு சட்டங்கள். எதைக் கழற்றினாலும் ஒரு செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையில் ஒவ்வொன்றாக வைத்து, சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு நம்பர் எழுத வேண்டும். மாட்டும்போது கடைசி நம்பரிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பேப்பரில் ஏதாவது ஒரு வட்டத்தில் சாமான் மிச்சம் இருந்தால் வண்டி வெளியே போகாது. இரண்டாவது, வேலை முடிந்ததும் அவரே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, என்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஐந்து நிமிடம் கேட்பார். அந்த ஐந்து நிமிடம் ஷெட்டில் சுத்தியல் சத்தம் கூடாது.

"சார் ஜெபத்துல கீறாரு, கம்முனு இரு," என்பார் முனுசாமி அண்ணன்.

முனுசாமி அண்ணன் அனகாபுத்தூர்க்காரர். வீட்டில் அண்ணி தறி நெய்வார். இவர் தறிக்குழியில் உட்கார முடியாமல் சின்ன வயதிலேயே மெக்கானிக் ஷெட்டுக்கு ஓடிவந்தவர். படிக்கத் தெரியாது. ஜாப் கார்டில் அவர் பெயரை நான்தான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். ஏற்கெனவே அவருக்கு இரண்டு வார்னிங் இருந்தது. ஒன்று, பெட்ரோல் போகிற பொடித் துளையான ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தியதற்கு. இன்னொன்று முதலாளியின் மைத்துனரை "யோவ்" என்று கூப்பிட்டதற்கு. மூன்றாவது வந்தால் வீட்டுக்குத்தான்.

பெருங்களத்தூரிலிருந்து கோதண்டம் என்பவர் தன் காரைக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம், பிறகு நிலத்தை மனை போட்டு விற்றார்கள். கார் என்னைவிட வயதானது. கறுப்பு நிறம், இங்கிலாந்தில் செய்தது, பானெட்டைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். கோளாறு என்னவென்றால், நின்ற இடத்தில் பெட்ரோல் ஒழுகும், புகை கறுப்பாக வரும், சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாது. அந்த வாரம் பார்த்து சாமுவேல் சார் நாலு நாள் லீவு. தங்கை மகள் கல்யாணம், பாளையங்கோட்டையில். வேலையை முனுசாமி அண்ணனும் நானும் எடுத்துக்கொண்டோம்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற சாமான். அதற்குள் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. தொட்டியில் பித்தளை மிதவை மிதக்கும். பெட்ரோல் ஏற ஏற மிதவை ஏறி, ஓர் ஊசியைத் தள்ளி, வரும் வழியை அடைக்கும். வீட்டு மாடித் தொட்டியில் இருக்கிறதே, அதேதான்.

மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினோம். உள்ளே களக் களக் என்றது. மிதவைக்குள் பெட்ரோல் போயிருந்தால் அது எப்படி மிதக்கும்? டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் ஒரு குவளை வாங்கி வந்து அதில் அமுக்கினோம். ஓர் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவு குமிழி வரிசையாக வந்தது. அந்த இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வைத்து, உள்ளே இருந்த பெட்ரோல் முழுக்க ஆவியாகும்வரை வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றினோம். அது போகாமல் ஈயம் பற்றவைத்தால் மிதவை வெடிக்கும், புருவம் போகும். முனுசாமி அண்ணனுக்கு இடது புருவம் பாதிதான் இருந்தது, அதனால் அவர் இதில் கவனமாக இருப்பார்.

பற்றவைத்து ஈயம் ஆறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"இப்ப வெயிட்டு ஏறியிருக்கும்ல," என்றார் அவர். "வெயிட்டு ஏறினா லேட்டா மெதக்கும். மறுபடி ஒழுவும். உன் இங்கிலீசு புக்குல எவ்ளோ போட்டுக்கீது பாரு."

வண்டியோடு வந்த புத்தகத்தில் எடை அவுன்ஸில் இருந்தது. நான் அதைக் கிராமாக்கினேன். எங்கள் ஷெட்டில் கிராம் நிறுக்கத் தராசு இல்லை. மார்க்கெட்டில் ஒரு நகைக்கடைக்கு மிதவையை எடுத்துப் போனேன். கடைக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கவரிங்கா தம்பி?"

"கார்புரேட்டர் சார்."

அவர் அதற்கு மேல் கேட்காமல் நிறுத்தார். இரண்டரைச் சவரன் இருந்தது. புத்தகப்படி இரண்டே கால் சவரன்தான் இருக்க வேண்டும். ஷெட்டுக்கு வந்து ஈயத்தை அரத்தால் ராவி, திரும்பப் போய் நிறுத்து, இப்படி மூன்று நடை போனேன். மூன்றாவது தடவை கடையில் நகை வாங்க வந்திருந்த ஓர் அம்மா, "இன்னா மாடல் இது, புதுசா கீதே?" என்று கேட்டார்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தோம். மிச்சம் இருந்தது கேஸ்கெட்.

கார்புரேட்டர் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரியும். நடுவில் வைக்கிற அட்டைதான் கேஸ்கெட். பழையது கழற்றும்போதே அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டை முழுக்கத் தேடினோம். அந்தக் காருக்குக் கேஸ்கெட் கேட்டதற்கே இரண்டு கடைக்காரர்கள் சிரித்தார்கள். வழக்கமான பேக்கிங் ஷீட்டில் வெட்டலாம் என்றால் அது இரண்டு மடங்கு தடிமன். நடுவில் தடிமன் ஏறினால் மிதவையின் மட்டம் மாறிவிடும், நகைக்கடைக்கு நடந்ததெல்லாம் வீண்.

மேஜையில், கல்யாணத்துக்கு முதலாளியை அழைக்க வந்தபோது கோதண்டம் கொடுத்துவிட்டுப் போன பத்திரிகை இருந்தது. போன மாதம் அவர் பெண்ணுக்குக் குன்றத்தூரில் கல்யாணம். நல்ல அட்டை. கேஜ் வைத்து அளந்தேன், பழைய துண்டின் தடிமனும் அதுவும் ஒன்று. இந்தக் கண்டுபிடிப்புக்காக முனுசாமி அண்ணன் என் முதுகில் தட்டினார். "படிச்ச மூளை, படிச்ச மூளைதான்," என்று சொல்லிவிட்டு டீ சாப்பிடப் போனார்.

கேஸ்கெட் வெட்டக் கத்தரிக்கோல் வேண்டாம். அட்டையைக் கீழ்பாதியின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டை முனையால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தால், இரும்பு விளிம்பே அட்டையை வெட்டிவிடும். ஓட்டைகளுக்கு, ஓட்டை தெரிகிற இடத்தில் ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும், வட்டமாக விழும். ஓரம் முழுக்கத் தட்டினேன். பெரிய ஓட்டைகள் எல்லாம் போட்டேன். கடைசியாக ஒன்றுதான், ஊதுபத்திக் குச்சி நுழைகிற அளவு. குண்டை வைக்கப் போனேன். அது சரியாக, பத்திரிகையில் அச்சடித்திருந்த முருகரின் இடது கண்ணில் இருந்தது.

நான் பெரிய பக்திமான் எல்லாம் இல்லை. ஆனால் கை இறங்கவில்லை. அந்த ஓட்டை எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் அது எதற்கும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். பக்கத்திலேயே புத்தகம் இருந்தது. பிரித்துப் பார்க்கவில்லை, பார்த்தால் தட்ட வேண்டியிருக்கும். அப்படியே வைத்து மூடிவிட்டேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்தோம். ஒழுகவில்லை, புகையும் இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்தது. முனுசாமி அண்ணன் ஸ்பீடு ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றினார். கொஞ்சம் இரைச்சலாக, ஆனால் நிற்காமல் ஓடியது. சாமுவேல் சார் வரட்டும், அவர் உட்கார்ந்து கேட்கட்டும் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். கோதண்டம் அவசரம் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை, சாமுவேல் சார் லீவு முடிந்து வந்த அன்றே, காரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கோதண்டம் டிராக்டரிலிருந்து இறங்கினார்.

"இன்னா வேலை பாத்தீங்க நீங்க? பெருங்களத்தூர் கேட்டுல, தண்டவாளத்து மேல நின்னுபோச்சு. கேட்காரன் கத்தறான், மணி அடிக்குது. மாப்பிள்ளை எறங்கித் தள்றாரு. கல்யாணமாகி முப்பது நாள் ஆவல, தண்டவாளத்துல மாப்பிள்ளைய தள்ள வுட்டுட்டேன்!"

முதலாளி ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தார். அதில் என் கையெழுத்தில் முனுசாமி என்று இருந்தது.

"மூணாவது," என்றார். "சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லுங்க."

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் சாமுவேல் சார்.

பேப்பரை விரித்து, வட்டம் போட்டு, வரிசையாகக் கழற்றினோம். மேல்பாதியைத் தூக்கியதும் கேஸ்கெட் கிழியாமல் முழுசாக வந்தது. பெட்ரோலில் ஊறி நிறம் மங்கியிருந்தது, ஆனால் வேலும் மயிலும் முகமும் தெளிவாகத் தெரிந்தன. சார் பென்சிலை எடுத்து அந்த இடத்தைக் காட்டினார்.

"வண்டி நிக்கும்போது என்ஜினுக்குப் பெட்ரோல் போற வழி இது. ஸ்லோ ஜெட் வழி. இங்க ஏன் ஓட்டை இல்ல?"

குனிந்து பார்த்தேன்.

"சார், அது கண்ணு," என்றேன்.

"எது?"

"முருகர் கண்ணு சார்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ஷெட்டில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். இந்த மாதிரி விஷயத்தில் ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார்.

"யார் வெட்டினது?"

"நாந்தான் சார்," என்றார் முனுசாமி அண்ணன்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"சேகர், ரிப்போர்ட் எழுது," என்றார் சார். "ஏன்னு வேணாம். யார் என்ன செஞ்சாங்க, அது மட்டும். சாப்பாடு முடிஞ்சதும் எனக்கு வேணும்."

சாப்பாட்டு வேளையில் டயர் அடுக்குக்குப் பின்னால் முனுசாமி அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, ஏண்ணா அப்படிச் சொன்னீங்க? நீங்க வெட்டலியே."

"நான் வெட்டலயா?" அவர் நிஜமாகவே யோசித்தார். "மெதவ பத்த வச்சேன். ஸ்க்ரூ திருப்பினேன்... கேஸ்கெட்டு நான் இல்ல?"

"நீங்க டீக்குப் போயிட்டீங்க. நான்தாண்ணா வெட்டினேன்."

"கண்ண வுட்டுட்டு வெட்டிக்கீதே, அப்ப நாந்தான்னு நெனச்சேன். நானா இருந்தாலும் அங்க அடிச்சிருக்க மாட்டேன் தம்பி." ஒரு கவளம் சாப்பிட்டார். "நீ எத எழுதறியோ எழுது. என்கிட்ட காட்டாத. காட்டினாலும் படிக்கத் தெரியாது."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுத உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மாதத்தில் நிரந்தரம். அப்பா குவாரியில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தால் அனகாபுத்தூரில் ஒரு தறியை நம்பி நாலு பேர். "பணிமனை ஊழியர் ஒருவர் கேஸ்கெட்டை வெட்டும்போது ஒரு துளையை விட்டுவிட்டார்" என்று அழகாக எழுதி சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம ஷெட்ல ஒம்பது பேர். எந்த ஒருவர்?"

இன்னொரு தாள் எடுத்தேன். "கேஸ்கெட்டை வெட்டியவன் சேகர், அதாவது நான். துளை போடாமல் விட்டவனும் நான். அது எதற்கான துளை என்று புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்ஜின் அணையாமல் இருக்க ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றியவர் முனுசாமி. சோதனைக்குக் காத்திராமல் வண்டியைக் கொடுத்தவர்கள் இருவரும்." சார் படித்தார். "அதாவது நான்" என்பதைப் பென்சிலால் அடித்தார்.

"பேர் போட்டாச்சே. ஒரு தடவை போதும்."

முதலாளி அறைக்கு நாங்கள் மூவரும் போனோம். அவர் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "படிச்ச பையன்னு சேத்தேன்." பிறகு சாரைப் பார்த்தார். "சரி, ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு. வண்டியச் சரி பண்ணி இன்னிக்கு சாயந்தரம் அதே கேட்டுல கொண்டுபோய் நிறுத்துங்க. அணைஞ்சுதுன்னா ரெண்டு பேரும் அங்கேர்ந்தே வீட்டுக்கு நடந்துடட்டும்."

திரும்ப வெட்ட வேண்டும். அதே தடிமன் அந்தப் பத்திரிகையில்தான். கோதண்டம் வீட்டிலிருந்து ஒன்று வரவழைத்தார். மேஜையில் வைத்துச் சுற்றி நின்றோம். சுத்தியலை நான் முனுசாமி அண்ணனிடம் நீட்டினேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சார், நீங்க வேணும்னா..." என்றார் கோதண்டம் தயங்கி.

"நான் அடிச்சா அது வேற பேச்சா போயிடும்," என்றார் சாமுவேல் சார்.

அதுவும் சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. கோதண்டம் பழைய கேஸ்கெட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போடப் போனார். "அது ரிப்போர்ட்டோட இருக்கணும், வச்சிடுங்க," என்றார் சார். அவர் வைத்துவிட்டார்.

"கவுத்துப் போட்டா?" என்றார் முனுசாமி அண்ணன்.

அட்டையைக் குப்புறப் போட்டேன். படம் கீழே போனது, இடம் வலமாக மாறியது. ஓரமாகத் தட்டி, குண்டை வைத்து அடித்து, எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். ஓட்டை மயிலின் தோகையில் விழுந்திருந்தது. மயிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டினோம். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினோம். பேப்பரில் எல்லா வட்டமும் காலி. ஐந்தரை மணிக்கு சாமுவேல் சார் ஓட்ட, கோதண்டம் பக்கத்தில், நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து பெருங்களத்தூர் கேட்டுக்குப் போனோம். கேட் மூடிக்கொண்டிருந்தது. கேட்காரர் காரைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"ஐயா, அந்த வண்டியா? ஓரமா போடுங்க, ஓரமா!"

சார் முதல் ஆளாக, கேட்டை ஒட்டி நிறுத்தினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கண்ணாடியை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டார். மின்சார ரயில் போனது. கேட் திறக்கவில்லை. இன்னொன்று வருகிறதாம் என்று வெளியே யாரோ சொன்னார்கள். பின்னால் லாரி, பஸ், சைக்கிள் எல்லாம் சேர்ந்தன. காருக்குள் வேர்த்துக் கொட்டியது. கோதண்டம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், பெரும்பாலும் முருகரிடம்தான் இருக்கும். பிறகு கூட்ஸ் வண்டி வந்தது. அது போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் என்ஜின் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கடைசிப் பெட்டி கடந்து சத்தம் அடங்கியபோதும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முனுசாமி அண்ணன் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார்.

கேட் மேலே ஏறியது. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. சார் அசையவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நடந்து போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பி வந்து டிக்கியில் கை வைத்தார்கள்.

"நின்னுபோச்சா சார்? தள்ளவா?"

சாமுவேல் சார் கண்ணைத் திறந்தார். கண்ணாடியை நிதானமாக இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"வேணாம் தம்பி, கையை எடுங்க. ஓடிக்கிட்டுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.